சப்ஜெக்ட் எது, பிரடிகேட் எது: வாக்கியத்தை எங்கே வெட்டுவது?

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 6, இரவு 9.10

ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் வீட்டுப்பாடம். வாக்கியம் இது: “ஆன் 10 ஜூலை 1806, தி சிப்பாய்ஸ் இன் வேலூர் ஃபோர்ட் ரோஸ் அகெய்ன்ஸ்ட் தி பிரிட்டிஷ்.” சப்ஜெக்ட், பிரடிகேட்னு ரெண்டா பிரிக்கணும். சிப்பாய்ஸ் எழுவாய், ரோஸ் பயனிலை. அதுவரைக்கும் புரியுது. மிச்சத்தை எங்க போடறது? தேதி எந்தப் பக்கம்? கோட்டை எந்தப் பக்கம்? “தி பிரிட்டிஷ்” செயப்படுபொருள்னா அதுக்கு மூணாவதா ஒரு கட்டம் போடணுமா?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 6, இரவு 9.50

மூணாவது கட்டம் வேண்டாம். குழப்பம் வர்ற இடமே அதுதான். தமிழ் இலக்கண வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்றாகப் பிரித்துப் பழகியிருக்கிறோம். அங்கே பயனிலை என்பது வாக்கியத்தை முடித்து வைக்கிற சொல் மட்டும். இங்கிலீஷ் பள்ளிப் பாடத்தில் பிரடிகேட் அப்படி இல்லை. சப்ஜெக்டை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற அத்தனையும் பிரடிகேட். வெர்ப், ஆப்ஜெக்ட், எப்போது, எங்கே, எப்படி, எல்லாமே அதற்குள் அடக்கம்.

உங்க வாக்கியத்தில்:
சப்ஜெக்ட்: தி சிப்பாய்ஸ் இன் வேலூர் ஃபோர்ட்.
பிரடிகேட்: ரோஸ் அகெய்ன்ஸ்ட் தி பிரிட்டிஷ் ஆன் 10 ஜூலை 1806.

தேதி வாக்கியத்தின் தலையில் நின்றாலும் அது “ரோஸ்” என்ற வெர்பைச் சேர்ந்தது. எழுந்தது எப்போது என்று சொல்கிறது. அதனால் பிரடிகேட் பக்கம். இப்படி முன்னால் வந்து நிற்கிற நேரம், இடம் எதையும் சப்ஜெக்டோடு சேர்க்கக் கூடாது. பிள்ளைகள் முதல் சொல்லிலிருந்து வெர்ப் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். அதற்குத்தான் மார்க் போகும்.

இன்னொன்று: “தி பிரிட்டிஷ்” இங்கே ஆப்ஜெக்ட் கிடையாது. “ரைஸ்” ஆப்ஜெக்ட் வாங்காத வெர்ப். “தி பிரிட்டிஷ்” அதற்கு முன்னால் இருக்கிற “அகெய்ன்ஸ்ட்” என்ற ப்ரெபொசிஷனுக்குச் சொந்தம்.

ஆற்காடு வாசகர் | ஜூலை 7, காலை 7.15

டீச்சர், “இன் வேலூர் ஃபோர்ட்” எந்தச் சிப்பாய் என்றும் படிக்கலாம், எங்கே எழுந்தார்கள் என்றும் படிக்கலாமே. ரெண்டாவது மாதிரி படித்தால் அது பிரடிகேட் பக்கம் போகணுமில்லையா?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 7, காலை 7.40

நின்ற இடத்தைப் பாருங்க. பெயர்ச்சொல்லுக்கும் வெர்புக்கும் நடுவில், கமா இல்லாமல், பெயரை ஒட்டி நிற்கிறது. அங்கே நின்றால் பெயரோடு சேர்த்துத்தான் படிக்கணும். அதையே கடைசிக்குத் தள்ளி “தி சிப்பாய்ஸ் ரோஸ் அகெய்ன்ஸ்ட் தி பிரிட்டிஷ் இன் வேலூர் ஃபோர்ட்” என்று எழுதினால் பிரடிகேட். சொல் அதேதான், இடம் மாறினால் பக்கம் மாறும். தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் வேற்றுமை உருபு காப்பாற்றும். இங்கிலீஷில் இடம்தான் உருபு செய்யும் வேலையைச் செய்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. சப்ஜெக்ட் என்று நினைக்கிற பகுதி முழுவதையும் தூக்கிவிட்டு அங்கே ஹீ, ஷீ, இட், தே இதில் ஒன்றைப் போடுங்க. “தே ரோஸ் அகெய்ன்ஸ்ட் தி பிரிட்டிஷ்.” நிற்கிறது. “சிப்பாய்ஸ்” மட்டும் சப்ஜெக்ட் என்று வைத்தால் “தே இன் வேலூர் ஃபோர்ட் ரோஸ்” என்று வரும். நொண்டுகிறது. அப்போ கோட்டையும் உள்ளே.

ஆம்பூர் | ஜூலை 7, மதியம் 1.05

இவ்வளவு சுத்த வேண்டாம். யார் செய்யறாங்களோ அவங்கதான் சப்ஜெக்ட். செய்யற வேலை பிரடிகேட். பசங்களுக்கு இது போதும்.

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 7, மாலை 5.30

போதாது, ஆம்பூர் சார். “தி ஃபோர்ட் வாஸ் பில்ட் இன் தி சிக்ஸ்டீன்த் செஞ்சுரி.” கட்டினவர் யாரும் வாக்கியத்தில் இல்லை. கோட்டை எதையும் செய்யவில்லை. ஆனால் சப்ஜெக்ட் “தி ஃபோர்ட்”. “நார்த் ஆர்காட் வாஸ் டிவைடட் இன் 1989.” பிரித்தது அரசு, சப்ஜெக்ட் நார்த் ஆர்காட். தமிழிலும் இதே கதைதான். “கோட்டை கட்டப்பட்டது” என்றால் எழுவாய் கோட்டை.

செய்தவரைத் தேடுகிற பழக்கம் பேஸிவ் வாய்ஸ் பாடம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும், அங்கே உடையும். “ஷீ இஸ் டால்”, “தி வாட்டர் சீம்ஸ் டர்ட்டி” மாதிரி வாக்கியங்களில் செய்கிற வேலையே இல்லை, அங்கேயும் உடையும். பொருளை வைத்துத் தேடாமல் வெர்பை வைத்துத் தேடணும். காலம் காட்டுகிற வெர்ப் எது என்று முதலில் பிடிங்க: இஸ், வாஸ், ஹாஸ், வில், ரோஸ், கம்ஸ். பிறகு அதற்கு முன்னால் “யார்?”, “எது?” என்று கேளுங்க. “வாஸ் பில்ட்” எது? தி ஃபோர்ட். முடிந்தது.

காட்பாடி | ஜூலை 8, காலை 6.20

ஸ்டேஷன் அறிவிப்பே நல்ல பாடம். “தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்.” இதில் “காஸ்ட்” ஒரு வெர்ப் மாதிரி தெரியுது, “இஸ் ரிக்ரெட்டட்” ஒரு வெர்ப். எதுக்கு முன்னால வெட்டறது?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 8, காலை 8.00

அருமையான வாக்கியம். கேள்வியாக மாற்றிப் பாருங்க: “இஸ் தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் டீப்லி ரிக்ரெட்டட்?” எந்த வெர்ப் இடம்பெயர்ந்து முன்னால் வந்தது? “இஸ்”. அதுதான் காலம் காட்டுகிற வெர்ப். அது எதைத் தாண்டி வந்தது? “தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்”. தாண்டின பகுதி முழுவதும் சப்ஜெக்ட், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “காஸ்ட்” இங்கே “ஏற்பட்ட” என்கிற பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. தமிழில் எச்சத்தைப் பயனிலை என்று சொல்ல மாட்டோமில்லையா, அதே நியாயம்.

இஸ், ஹாஸ், வில் மாதிரி துணை வெர்ப் இல்லாத வாக்கியமானால் “டிட்”, “டஸ்”, “டூ” போடணும். “டிட் தி சிப்பாய்ஸ் இன் வேலூர் ஃபோர்ட் ரைஸ்?” டிட்டுக்கும் ரைஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எதுவோ அது சப்ஜெக்ட். நேற்று காலைல ஆற்காட்டுக்காரர் கேட்டதற்கும் இதே சோதனை செல்லும்.

இன்னும் ஒரு விஷயம். அதே அறிவிப்பைத் தமிழில் “வருந்துகிறோம்” என்று முடிப்பார்கள். அங்கே “நாங்கள்” என்ற எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, தோன்றா எழுவாய். “-ஓம்” விகுதியே அதைச் சொல்லிவிடும். இங்கிலீஷ் வெர்பில் அந்த விகுதி இல்லை. அதனால் கட்டளை வாக்கியம் தவிர மற்ற இடங்களில் சப்ஜெக்டை வாயால் சொல்லியே தீரணும். “வந்தேன்” என்ற ஒரு சொல்லை “கேம்” என்று மட்டும் எழுதினால் வாக்கியம் ஆகாது.

காட்பாடி | ஜூலை 8, காலை 8.15

அப்போ சுவத்துல எழுதியிருக்கற “ஸ்டிக் நோ பில்ஸ்”?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 8, காலை 8.20

கட்டளை. சப்ஜெக்ட் “யூ”, மறைந்திருக்கிறது. இருக்கிற மூன்று சொல்லும் பிரடிகேட். தண்டவாளம் ஓரம் இருக்கிற “ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்” கட்டளை இல்லை. அதில் “ட்ரெஸ்பாஸர்ஸ்” சப்ஜெக்ட்.

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 9, இரவு 8.45

வெட்டறது புரிஞ்சுது. பொண்ணு இப்ப சரியா வெட்டறா. ஆனா சொந்தமா எழுதச் சொன்னா “மை ஃபாதர் ஹாவ் கம்”, “தி கவ்ஸ் இஸ் கம்மிங்”னு எழுதறா. ஒருமை பன்மை தெரியாத பிள்ளை இல்ல. ஏன் இப்படி?

வாணியம்பாடி | ஜூலை 9, இரவு 10.10

ரெண்டு தப்புக்கும் வேர் வீட்டுப் பேச்சுல இருக்கு. “அப்பா வந்திருக்காங்க”ன்னு மரியாதைக்குப் பன்மை போடறோம். அந்த மரியாதை அப்படியே “ஹாவ்” ஆகிடுது. இங்கிலீஷ்ல வெர்புக்கு மரியாதை கிடையாது. ஜனாதிபதியா இருந்தாலும் “ஹாஸ்” தான். “மாடுங்க வருது”ன்னு பேசறோம். அஃறிணைப் பன்மைக்குப் பேச்சுல ஒருமை வினைதான் வரும். அது “கவ்ஸ் இஸ்” ஆகுது. பெயர்ல “ஸ்” இருந்தா வெர்ப்ல “ஸ்” வராதுன்னு சொல்லிப் பழக்குங்க. கவ்ஸ் கம், கவ் கம்ஸ். “சில்ட்ரன்”, “மென்” மாதிரி ஸ் இல்லாத பன்மைக்கும் “பஸ்”, “நியூஸ்” மாதிரி ஸ் இருக்கற ஒருமைக்கும் தனியா சொல்லணும்.

வாணியம்பாடி | ஜூலை 9, இரவு 10.30

இதையும் சேர்த்துக்கோங்க. “எனக்குத் தெரியும்”, “எனக்குப் பசிக்குது”, “எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க”. எல்லாத்துலயும் ஆள் “எனக்கு”ன்னு நாலாம் வேற்றுமைல நிக்கறார், எழுவாயா நிக்கல. பசங்க இங்கிலீஷ்லயும் “ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்”னு எழுதறாங்க. நம்ம பக்கம் வீட்டுல உருது பேசற பிள்ளைக்கு “முஜே மாலூம் ஹை”, தெலுங்கு பேசற பிள்ளைக்கு “நாக்கு தெலுசு”. அங்கயும் இதே “எனக்கு” அமைப்புதான். அதனால வகுப்புல மூணு வீட்டுப் பிள்ளையும் ஒரே தப்பைப் பண்ணும். இங்கிலீஷ்ல உணர்வு, அறிவு, உடைமை எல்லாத்துக்கும் ஆளைத் தூக்கி சப்ஜெக்ட் இடத்துல உக்கார வைக்கணும். ஐ நோ, ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்.

ஆற்காடு வாசகர் | ஜூலை 10, காலை 7.00

“அவர் டாக்டர்” என்பதையும் சேர்க்கலாம். தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும், வினை தேவையில்லை. அப்படியே “ஹீ டாக்டர்” என்று எழுதினால் பிரடிகேட்டில் வெர்ப் இல்லை, வாக்கியம் விழுந்துவிடும். “ஹீ இஸ் எ டாக்டர்.”

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: “மை பிரதர் ஹீ இஸ் வொர்க்கிங் இன் ராணிப்பேட்டை.” சப்ஜெக்ட் இரண்டு முறை. பேச்சில் “எங்க அண்ணன் இருக்காரே, அவரு” என்று இழுப்பதன் நிழல். ஹீயை அடிக்கணும்.

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 10, காலை 7.30

“இஸ் வெரி ஹாட் டுடே”ன்னும் எழுதறா.

ஆற்காடு வாசகர் | ஜூலை 10, காலை 7.35

வேலூர் வெயிலுக்குத் தமிழில் எழுவாய் வேண்டாம், “ரொம்ப சூடா இருக்கு” என்றாலே போதும். இங்கிலீஷில் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. சொல்ல ஆளில்லை என்றால் “இட்” போட்டு நிரப்பணும். வெயில், மழை, மணி, தூரம் நாலுக்கும் “இட்”. “இட் இஸ் ஹாட்”, “இட் இஸ் ரெயினிங்”, “இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்”. அந்த இட்டுக்குப் பொருள் தேட வேண்டாம்.

ராணிப்பேட்டை, வங்கித் தேர்வு | ஜூலை 12, மாலை 6.40

வங்கி, எஸ்எஸ்சி தேர்வுல பிழை காணும் கேள்வில இதே விஷயத்தைச் சுத்திச் சுத்திக் கேக்கறாங்க. “தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ் ஆர் ஹை.” இஸ் வரணும்னு விடை பார்த்தா தெரியுது. வேகமா படிக்கறப்ப ஆர் சரின்னு தோணுது. இதுக்கு என்ன செய்ய?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 12, இரவு 9.20

எல்லாவற்றிலும் இதுதான் ஆழமான இடம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

“தக்காளியோட விலை.” தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும். விலைதான் தலை, தக்காளி அதற்கு அடை. “இலவம்பாடியில விளையற கத்திரிக்கா.” கத்திரிக்காய் கடைசியில். அடை எவ்வளவு நீளமானாலும் முன்னாலேயே முடிந்துவிடும். தமிழ் படிக்கிற கண் தொடரின் கடைசிப் பெயரையே தலை என்று எடுத்துக்கொள்ளும், அது நமக்கு ஊறிப்போனது.

இங்கிலீஷில் “ஆஃப்”, “இன்”, “ஃப்ரம்”, “ஹூ”, “தட்” என்று தொடங்குகிற அடையெல்லாம் தலைக்குப் பின்னால் வால் மாதிரி தொங்கும். “தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்.” தலை “பிரைஸ்”, முதலில் வந்துவிட்டது. வெர்புக்குப் பக்கத்தில் நிற்பது “டொமேட்டோஸ்”. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து “ஆர்” போடுகிறோம். இந்தத் தவறை இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்வார்கள். நமக்குத் தலை கடைசியில் தேடுகிற பழக்கமும் கூடிவிடுகிறது.

செய்ய வேண்டியது: வெர்பைப் பிடித்த பிறகு இடப்பக்கமாகப் போய், ப்ரெபொசிஷனில் தொடங்குகிற ஒவ்வொரு துண்டையும் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடுங்க. “ஹூ”, “விச்”, “தட்” தொடங்குகிற துண்டையும் அதன் வெர்போடு சேர்த்து அடைக்கணும். அடைப்புக்கு வெளியே மிஞ்சுகிற பெயர்தான் தலை. “தி பிரிஞ்சால் தட் க்ரோஸ் இன் இலவம்பாடி ஹாஸ் தார்ன்ஸ்.” “தட் க்ரோஸ் இன் இலவம்பாடி” அடைப்புக்குள். மிஞ்சியது “தி பிரிஞ்சால்”, “ஹாஸ் தார்ன்ஸ்”. முழு சப்ஜெக்ட் எது என்றால் அடைப்பையும் சேர்த்து எழுதணும். வெர்ப் ஒருமையா பன்மையா என்றால் தலையை மட்டும் பார்க்கணும்.

வழக்கமாக விழுகிற இடங்கள்:

“ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்.” தலை ஒன். “ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹாஸ்.” தலை ஈச்.

ஆனால் “ஹீ இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ப்ளே கிரிக்கெட்” என்றால் ப்ளே பன்மைதான். அதன் சப்ஜெக்ட் “ஹூ”. அது குறிப்பது பாய்ஸை. ஒன் ஆஃப் என்று பார்த்ததும் ஒருமைக்குப் பாய்கிறவர்களைப் பிடிக்கவே இந்தக் கேள்வி.

“தி நம்பர் ஆஃப் டேனரீஸ் இஸ்”, “எ நம்பர் ஆஃப் டேனரீஸ் ஆர்.” முதலாவதில் எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சு. இரண்டாவதில் “எ நம்பர் ஆஃப்” என்பது “பல” என்கிற அடை, தலை டேனரீஸ். அடைப்புக்குறி முறைக்கு இது விதிவிலக்கு, “எ லாட் ஆஃப்” அதுவும் அப்படியே.

“ஸ்மோக்கிங் சிகரெட்ஸ் இஸ் இன்ஜூரியஸ்.” தலை ஸ்மோக்கிங் என்கிற செயல். சிகரெட் எத்தனை ஆனாலும் இஸ்.

வாணியம்பாடி | ஜூலை 12, இரவு 9.45

“அலாங் வித்”, “ஆஸ் வெல் ஆஸ்” விட்டுட்டீங்க. அதுக்குத் தமிழே வழி காட்டும். “டீச்சர்ங்களோட ஹெட்மாஸ்டர் வந்தார்”னா வினை ஹெட்மாஸ்டருக்கு. “டீச்சர்ங்களும் ஹெட்மாஸ்டரும் வந்தாங்க”ன்னா ரெண்டு பேருக்கும். “அலாங் வித்” ஓடு உருபு மாதிரி. “அண்ட்” உம் மாதிரி. “தி ஹெட்மாஸ்டர், அலாங் வித் தி டீச்சர்ஸ், ஹாஸ் கம்.” “ஆஸ் வெல் ஆஸ்” தமிழாக்கினா உம்மா தோணும், ஆனா இலக்கணத்துல ஓடு பக்கம்தான் வைக்கணும்.

“நெய்தர், நார்” வந்தா பக்கத்துல இருக்கறதுக்கு. “நெய்தர் தி டிரைவர் நார் தி பேசஞ்சர்ஸ் வேர் ஹர்ட்.”

காட்பாடி | ஜூலை 13, மதியம் 12.30

கோட்டைக்குள்ள கோயில், மசூதி, சர்ச் மூணும் இருக்கே. “தேர் இஸ் எ டெம்பிள், எ மாஸ்க் அண்ட் எ சர்ச் இன்சைட் தி ஃபோர்ட்.” இஸ்ஸா ஆரா? “தேர்” தானே சப்ஜெக்ட்?

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 13, இரவு 8.10

பள்ளிப் பாடப்படி “தேர்” இடம் நிரப்புகிற சொல் மட்டும். உண்மையான சப்ஜெக்ட் வெர்புக்குப் பின்னால் வருகிறது: எ டெம்பிள், எ மாஸ்க் அண்ட் எ சர்ச். மூன்று, அதனால் “ஆர்”. தேர்வில் அதையே எழுதுங்க. பேச்சிலும் நல்ல எழுத்திலும் முதல் பொருள் ஒருமையானால் “தேர் இஸ்” என்று வருவது சகஜம். அதைப் படித்தால் பிழை என்று வட்டம் போட வேண்டாம்.

வெர்புக்குப் பின்னால் சப்ஜெக்ட் வருகிற வேறு இடங்கள்: “ஹியர் கம்ஸ் தி பஸ்”, “இன்சைட் தி ஃபோர்ட் ஸ்டாண்ட்ஸ் தி ஜலகண்டேஸ்வரர் டெம்பிள்”. இடத்தைச் சொல்லி ஆரம்பித்துவிட்டு வெர்பை முந்த விடுகிறார்கள். “ஸ்டாண்ட்ஸ் எது?” என்று கேட்டால் கோயில் வந்துவிடும். கேள்வி வாக்கியத்தில் “ஹூ கேம்?” என்றால் ஹூ சப்ஜெக்ட். “ஹூ டிட் யூ சீ?” என்றால் யூ சப்ஜெக்ட், ஹூ ஆப்ஜெக்ட். அதற்குப் பதில் சொல்லிப் பார்த்தால் தெரியும்: “ஐ சா ஹிம்.”

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 14, இரவு 9.00

வீட்டுல பழக்க எப்படி ஆரம்பிக்கறது?

வாணியம்பாடி | ஜூலை 14, இரவு 9.30

இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு பத்தி போதும், நாலஞ்சு வாக்கியம். ஒவ்வொண்ணுலயும் முதல்ல காலம் காட்டற வெர்புக்கு அடியில ரெண்டு கோடு. அப்புறம் அடைப்புக்குறி. அப்புறம் தலைக்கு வட்டம். கடைசியாத்தான் சப்ஜெக்ட் முடியற இடத்துல ஒரு சாய்கோடு. வரிசையை மாத்த விடாதீங்க. சாய்கோட்டை முதல்ல போட்டா ஊகமாத்தான் போடும்.

தலைப்புச் செய்தியை எடுக்காதீங்க. அதுல இஸ், ஆர் எல்லாம் வெட்டியிருப்பாங்க. விளையாட்டுப் பக்கத்துல வாக்கியம் நீளமா, வெர்ப் தெளிவா இருக்கும். ஆரம்பத்துக்கு அது நல்லது.

“டு கோ”, “கோயிங்” ரெண்டும் தனியா நின்னா காலம் காட்டாது, ரெண்டு கோடு போடக் கூடாது. “பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.” இதுல சப்ஜெக்ட் இருக்கு, வெர்ப் இருக்கு, ஆனா தனி வாக்கியம் இல்ல. பிகாஸ், வென், இஃப் தலையில இருந்தா இன்னொரு சப்ஜெக்டும் வெர்பும் வரணும்.

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 15, இரவு 8.50

இன்னிக்கு வந்த வாக்கியம்: “ஐடா ஸ்கடர் கேம் பேக் டு வேலூர் அண்ட் ஸ்டார்ட்டட் எ ஒன்-பெட் கிளினிக் இன் 1900.” ரெண்டு வெர்புக்கு ரெண்டு கோடு போட்டுட்டா. ரெண்டு வாக்கியமா பிரிக்கணுமான்னு கேக்கறா.

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 15, இரவு 9.15

கோடு போட்டது சரி. பிரிக்க வேண்டாம். வந்தவரும் தொடங்கியவரும் ஒருவரே, “அண்ட்”டுக்குப் பின்னால் புது சப்ஜெக்ட் இல்லை. சப்ஜெக்ட் “ஐடா ஸ்கடர்”, சாய்கோடு ஒன்றே ஒன்று, அவர் பெயருக்குப் பின்னால். மிச்சம் முழுவதும் இரட்டை வெர்ப் உள்ள ஒரே பிரடிகேட். “அண்ட் ஷீ ஸ்டார்ட்டட்” என்று இருந்திருந்தால் இரண்டு சப்ஜெக்ட், இரண்டு பிரடிகேட், சாய்கோடும் இரண்டு.